இம்பிளாண்ட் பல்செட்டுக்கு உள்ளே எதை வைத்துக் கட்டுவது? தாடை எலும்புக்கு அதனால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியான்மரில் யாங்கோன், பகோ, மோல்மியேன் பக்கம் இம்பிளாண்ட் (தாடை எலும்பில் ஊன்றும் செயற்கை வேர்) போட்டு அதன்மேல் கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருப்பவர்களும், வைக்கப் போகிறவர்களும், அவர்களை அழைத்துவரும் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் இவை. பல்செட் செய்யும் லேப்பில் வேலை செய்பவர்களுக்கான விவரங்களும் ஆங்காங்கே உண்டு. இங்கே பேசுவது கழற்றி மாட்டும் செட்டையும், அது உடையாமலிருக்க உள்ளே வைத்துக் கட்டும் பொருளையும் பற்றி மட்டும். திருகு போட்டு நிரந்தரமாக முடுக்கும் பாலப் பற்களுக்குக் கணக்கு வேறு.

பழைய செட் பத்து வருஷம் உடையவில்லை. இம்பிளாண்ட் போட்டுப் புதிதாகச் செய்த செட் ஒரே வருஷத்தில் விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. பழைய செட் ஆடும், வழுக்கும், அழுத்திக் கடித்தால் ஈறு வலிக்கும். அதனால் நீங்களே பயந்து மெல்லக் கடித்தீர்கள். இம்பிளாண்ட் பிடித்துக்கொண்டதும் பயம் போய்விடுகிறது. லபெத்தோவில் (தேயிலைச் சாலட்) கிடக்கும் வறுத்த பருப்பு, மொஹிங்காவில் (மீன் குழம்பு நூடுல்ஸ்) நொறுக்கிப் போடும் பேஜோ எனும் பொரித்த பருப்பு வடை என்று இத்தனை நாள் ஒதுக்கியதெல்லாம் தட்டுக்குத் திரும்புகிறது. கடிக்கும் பலம் ஏறுகிறது.

இன்னொன்று, செட்டின் உடம்பு. இம்பிளாண்டின் தலையில் இருக்கும் பட்டனைக் கவ்வுவதற்குச் செட்டுக்குள் ஒரு உலோகத் தொப்பி புதைக்க வேண்டும். தொப்பிக்கு இடம் விட, செட்டின் உடம்பான அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் குடைய வேண்டும். வளையும் பொருளின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி இறங்கும். 4 மி.மீ. கனம் 2 மி.மீ. ஆனால் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி தானாகப் புரியும்.

எந்த இடத்தில் விரிசல் விடுகிறது?

செட்டைக் கழுவித் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழ்ச்செட்டில், நாக்குப் பக்கம், தொப்பி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே தலைமுடி போல ஒரு கோடு தெரியும். வெற்றிலை போடுகிறவர்களுக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை, கோடு சிவந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கீழ்ச்செட்டுக்கு வழக்கமாக முன்னால் போடும் இரண்டு இம்பிளாண்டும் இரண்டு தூண்கள் மாதிரி நிற்கின்றன. பின்கடைவாயில் கடிக்கும்போது செட்டின் பின்பாகம் ஈற்றுக்குள் அமுங்குகிறது. தூணின்மேல் மரப்பலகையை வைத்து முனையை அழுத்துவது போலத்தான். பலகையின் மேல்பக்கம் இழுபடும், அங்கேதான் விரிசல் பிறக்கும்.

கோடு தெரிந்த உடனே வந்தால் சரிசெய்வது சுலபம். இரண்டு துண்டானபின் சூப்பர் குளூ போட்டு ஒட்டிக்கொண்டு வந்தால் துண்டுகள் சரியாகப் பொருந்தாது. பசையைச் சுரண்டுவதிலேயே விளிம்பு போய்விடும்.

உள்ளே வைத்துக் கட்ட என்னென்ன பொருட்கள் இருக்கின்றன?

பெயரைக் கேட்பதற்கு முன் விறைப்பைக் கேளுங்கள். அக்ரிலிக்கின் விறைப்பு 2 முதல் 3 கிகாபாஸ்கல். கோபால்ட் குரோம் 200-க்கு மேல். டைட்டேனியம் அதில் பாதி, 100 முதல் 110. பீக் எனப்படும் உயர்ரக பிளாஸ்டிக் 4-ஐ ஒட்டி. பதப்படுத்திய கண்ணாடி இழை, ஒரே திசையில் அடுக்கியது, 20-ஐ ஒட்டி இருக்கும். ஒப்பிட ஒன்று: தாடையின் வெளிக்கெட்டி எலும்பு 10 முதல் 20.

இதைக் கனமாக மாற்றிப் பார்த்தால் உண்மை துலங்கும். அரை மி.மீ. கோபால்ட் குரோம் பட்டை தரும் விறைப்பு, 2 மி.மீ. அக்ரிலிக் தருவதைவிடச் சற்று அதிகம். அதே விறைப்பை டைட்டேனியத்தில் எடுக்க 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வேண்டும், கண்ணாடி இழையில் 1.1, பீக்கில் ஏறக்குறைய 1.9. இருக்கும் இடமே 2 மி.மீ. என்றால் பீக் வைத்த பிறகு அதை மூட அக்ரிலிக்குக்கு இடம் எங்கே?

கோபால்ட் குரோம் வார்ப்புச் சட்டம்: எங்கள் முதல் தேர்வு இதுதான். கனம் குறைவு, விறைப்பு அதிகம், பகுதிப் பல்செட் வார்க்கும் லேப் எல்லாவற்றுக்கும் பழகிய வேலை. குறை என்றால் எடை. ஒரு கனசென்டிமீட்டருக்கு 8 கிராமுக்கு மேல் வரும். கீழ்த்தாடைக்கு அது பாரமே இல்லை. மேல்தாடையில் முழு அண்ணத்தையும் உலோகத்தில் செய்தால் உணர்வீர்கள்.

டைட்டேனியம்: எடை பாதிதான், உடம்போடு ஒத்துப்போகும். வார்ப்பது கடினம். காற்றுக்குமிழி உள்ளே மாட்டிக்கொள்ளும், வெளியே பார்த்தால் தெரியாது. எந்திரத்தில் கடைந்தெடுத்தால் நன்றாக வரும், அந்த வசதி உள்ள லேப்பாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

கண்ணாடி இழை: புதிதாகச் செய்வதைவிட உடைந்ததைச் சரிசெய்ய இதுதான் கைகொடுக்கும். உலோகம் தெரியாது, வார்க்க வேண்டாம். ஆனால் இழை முழுக்கப் பிசினில் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த இழையை வைத்து மூடினால் உள்ளே வெற்றிடம் நின்றுவிடும், அந்த இழை இருப்பதும் இல்லாததும் ஒன்று. முன்கூட்டியே பிசின் ஊறவைத்து வரும் வகையை வாங்குவது நல்லது. மெருகு போடும்போது இழை வெளியே தலைகாட்டினால் நாக்கையும் ஈற்றையும் முள்ளாகக் குத்தும்.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் உலோக வலை: மலிவு. மெல்லிய வலையை அக்ரிலிக்கின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் போட்டுவிட்டுக் கட்டிவிட்டோம் என்று சொல்வது ஏமாற்று. இழுபடும் பக்கத்தில் இல்லாத வலை விரிசலைத் தடுக்காது. உடைந்தபின் இரண்டு துண்டையும் பிரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஜிர்கோனியா: கழற்றும் செட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பிறகு வெட்டவோ ஒட்டவோ வழியில்லை. தாட்டோனிலிருந்தோ பகோவின் உள்கிராமத்திலிருந்தோ வருடத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு, பக்கத்து ஊரில் யாராலும் திருத்த முடியாத செட்டைக் கொடுத்தனுப்புவது நியாயமா?

எவ்வளவு இடம் வேண்டும்? எப்படி அளப்பது?

ஈற்றின் மேட்டிலிருந்து முன்பல்லின் கடிவிளிம்பு வரை அளக்க வேண்டும். லொக்கேட்டர் வகைத் தாழ்ந்த பட்டன் என்றால் 8 முதல் 9 மி.மீ. உருண்டைத் தலை என்றால் 10 முதல் 11. இம்பிளாண்டுகளைக் கம்பியால் இணைக்கும் முறைக்கு 12 முதல் 14. பட்டனும் தொப்பியும் சேர்ந்து சுமார் 3, அதன்மேல் உலோகமும் அக்ரிலிக்கும் 2, பல் 3. கூட்டினால் 8 வந்துவிடுகிறது, இழுத்துப் பிடித்தாலும் அதற்குக் கீழே இறங்காது.

இதை இம்பிளாண்ட் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். பல் வரிசையை மெழுகில் அடுக்கி, வாயில் வைத்துப் பார்த்து, அதன்மேல் சிலிக்கோன் அச்சு எடுத்துவைத்தால் எத்தனை மி.மீ. கையில் இருக்கிறது என்று தெரியும். இடம் போதாவிட்டால் அறுவைச் சிகிச்சையின்போதே எலும்பு மேட்டைச் சற்றுத் தட்டையாக்கலாம். இம்பிளாண்ட் ஊன்றிய பிறகு இருக்கிற இடம் அவ்வளவுதான்.

சட்டத்தை எந்த இடத்தில், எந்த வடிவில் வைப்பது?

கீழ்ச்செட்டில் சட்டம் இரண்டு தொப்பிகளின் தலைக்கு மேலே கூரை போலப் போய், இரண்டு பக்கமும் கடைவாய் வரை நீள வேண்டும். தொப்பிகளுக்கு நடுவே மட்டும் ஒரு துண்டு வைத்தால் அந்தத் துண்டு முடியும் இடத்தில் உடையும். கூரை போட இடமில்லாதபோது தொப்பியைச் சுற்றி வளையமாக விடலாம், சுற்றிலும் அரை முதல் 1 மி.மீ. இடைவெளியோடு.

ஈற்றுப் பக்கம் உலோகம் நேராகப் படியக் கூடாது. வார்ப்பு மாதிரியில் மெழுகு வைத்து அரை முதல் 1 மி.மீ. தூக்கிவிட வேண்டும். நாளைக்கு எலும்பு கரைந்து செட்டுக்கு உள்பூச்சு போடும் நாள் வரும், அன்று சுரண்டவும் புது அக்ரிலிக் ஒட்டவும் அந்த இடம்தான் உதவும்.

உலோகம் எலும்பைத் தின்றுவிடும் என்கிறார்களே?

செட்டுக்குள் புதைந்த உலோகம் எலும்பைத் தொடுவதே இல்லை. அது செய்வதெல்லாம் பாரம் போகும் வழியை மாற்றுவது. ஆனால் "எலும்பு" என்று ஒன்றாகச் சொல்வதில் குழப்பம் இருக்கிறது. பார்க்க வேண்டியவை இரண்டு எலும்புகள்.

ஒன்று, இம்பிளாண்டைச் சுற்றியுள்ள எலும்பு. முதல் வருடம் 1 முதல் 1.5 மி.மீ. இறங்குவது சாதாரணம். அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். 1986-இல் வகுத்த அளவுகோல் இது, இன்றும் எக்ஸ்ரேயை இதை வைத்துத்தான் பேசுகிறோம். வெறும் அக்ரிலிக் செட் கடிக்கும்போது வளைகிறது. வளையும்போது தொப்பி பட்டனைச் சாய்த்து இழுக்கிறது, இம்பிளாண்ட் கழுத்தில் ஒரு நெம்பல் விழுகிறது. மாதிரித் தாடையில் ஸ்ட்ரெயின் கேஜ் (வளைவை அளக்கும் சிறு கருவி) ஒட்டி அளந்தால், தொப்பிக்கு மேலாகப் போகும் வார்ப்புச் சட்டம் வைத்த செட்டில் இந்த நெம்பல் குறைகிறது. அதுவரை சரி. மாதிரியில் குறைந்ததால் வாயிலும் அதே அளவு எலும்பு மிஞ்சும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. வாயில் இம்பிளாண்டைச் சுற்றி எலும்பை அதிகம் கரைப்பது பட்டனைச் சுற்றிப் படியும் அழுக்கும் அதனால் வரும் வீக்கமும்தான். புகையும் புகையிலையும் அதற்குத் துணை.

இன்னொன்று, கடைவாய்ப் பக்கத்து மேடு. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முன்னால் மட்டும் இரண்டு இம்பிளாண்ட் உள்ள கீழ்ச்செட்டில், முன்பக்க எலும்பு காப்பாற்றப்படுகிறது. பின்பக்கம் ஈறுதான் இன்னமும் பாரம் தாங்குகிறது, அங்கே கரைவது தொடரலாம். பல் இல்லாத தாடையில் கீழெலும்பு மேலெலும்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்று 25 வருடம் தொடர்ந்து பார்த்து 1972-இல் வெளியான ஆய்வு உண்டு. விறைப்பான சட்டம் இங்கே பாரத்தை ஒரே புள்ளியில் குத்தவிடாமல் மேடு முழுக்கப் பரப்பும். ஆனால் செட் மேட்டில் சரியாகப் படிந்திருந்தால்தான் இது நடக்கும். பின்பக்கம் எலும்பு இறங்கி இடைவெளி விழுந்த பிறகு, விறைப்பான செட் அசல் நெம்புகோலாகிவிடும். அப்போது அக்ரிலிக் செட்டாக இருந்தால் அது உடையும். சட்டம் உள்ள செட் உடையாது, அந்த அதிர்ச்சியைப் பட்டனுக்கும் இம்பிளாண்டுக்கும் அனுப்பும். உள்ளே சட்டம் போட்டவர்கள் வருடச் சோதனையைத் தவறவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பீக் மெத்தை மாதிரி அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் எலும்புக்கு நல்லது என்று விளம்பரம் பார்த்தோம்.

வளைகிற பொருள் பாரத்தை விழுங்கிவிடுவதில்லை, இடம் மாற்றுகிறது. கணினி மாதிரிகளில் சட்டம் இளகியதாக இருந்தால் இம்பிளாண்டில் விழுவது குறைந்து ஈற்றில் விழுவது கூடுவதும் உண்டு. மாதிரி எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். பீக்குக்கு உண்மையான இடம் உண்டு: எடை தாங்கமாட்டேன் என்பவர், உலோக ஒவ்வாமை உள்ளவர், 12 மி.மீ.க்கு மேல் இடம் தாராளமாக இருப்பவர். "எலும்பைக் காக்கும்" என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

மேல்தாடைக்கும் இதே கணக்கா?

இல்லை. மேலெலும்பு மிருதுவானது. கழற்றும் செட்டுக்கு இரண்டு இம்பிளாண்ட் போதாது, குறைந்தது நான்கு வேண்டும். அண்ணத்தை வெட்டிவிட்டுக் குதிரை லாட வடிவில் செய்யச் சொல்கிறவர்கள் அதிகம், குழம்பின் சூடும் ருசியும் தெரிய வேண்டும் என்று. கேட்பதில் தப்பில்லை. ஆனால் அண்ணம் போனால் செட்டின் முதுகெலும்பே போனது போல. அந்த வடிவுக்கு உலோகச் சட்டம் கட்டாயம்.

மேலே சாதாரண முழுச்செட், கீழே இம்பிளாண்ட் செட் என்றால் மேல் முன்பக்கத்தைக் கவனியுங்கள். கீழ் முன்பற்கள் பலமாகி மேல் முன்மேட்டை இடித்துக்கொண்டே இருக்கும், எலும்பு கரைந்து ஈறு தொளதொளக்கும். விரலால் தொட்டாலே ஆடும். மேல் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல், கடைவாய் மட்டும் தொடும்படி கடியை அமைத்தால் இது மட்டுப்படும்.

அப்பா வெற்றிலை பாக்கு விடமாட்டார். போடலாமா?

முதலில் வாயைத் திறக்கச் சொல்லி அளக்க வேண்டும். பாக்கினால் கன்னத் தோல் நார்போல இறுகிப்போனவர்களுக்கு வாய் 35 மி.மீ.க்கும் குறைவாகத்தான் திறக்கும். துளைக்கும் கருவி உள்ளே நிமிர்ந்து நிற்காது. போட்ட பிறகு செட்டை மாட்டக்கூட அவர் திணறுவார். கன்னத்தில், நாக்கடியில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் இம்பிளாண்ட் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்க்க வேண்டும். பாக்கு, புகையிலை சேராமல் தனியாகவே, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

இதெல்லாம் தாண்டியவர் என்றால்: புகையிலையை விட்டாக வேண்டும். சுண்ணாம்பு, தொப்பிக்குள்ளிருந்து பட்டனைக் கவ்வும் நைலான் வளையத்துக்குள் காறையாகப் படிந்து, செட் "டக்" என்று உட்காராமல் நிற்கும். ஒரே கடைவாயில் அடக்கி மெல்லும் பழக்கம் செட்டை ஒரு பக்கமாகவே ஆட்டும். இப்படிப்பட்டவருக்குச் சட்டம் இல்லாமல் செட் செய்வதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

லேப்பில் எங்கே தவறு நடக்கிறது?

பல் அடுக்குவதற்கு முன்பே சட்டத்தை வார்ப்பது பெரிய தவறு. பிறகு பல்லின் அடியைத் தேய்த்துத் தேய்த்து உலோகத்துக்கு இடம் செய்வார்கள், அந்தப் பல்தான் முதலில் கழன்று விழும். மெழுகில் பல் அடுக்கி வாயில் சரிபார்த்த பிறகே சட்டம்.

அக்ரிலிக் உலோகத்தில் தானாக ஒட்டாது. 50 மைக்ரான் அலுமினாத் தூளால் மணலடித்து, கை படாமல் உலோகப் பிரைமர் பூசி, இளஞ்சிவப்பு மறைபூச்சு போட்டபிறகே மாவை அடைக்க வேண்டும். பிரைமரைத் தவிர்த்தால் நாளடைவில் சந்தில் எச்சில் இறங்கிக் கறுத்து நாறும். பொடியும் திரவமும் கொள்ளளவில் 3-க்கு 1.

பிறகு வேகவைப்பது. 74 டிகிரியில் 8 மணி நேரம், அல்லது 74-இல் 2 மணி நேரமும் 100-இல் 1 மணி நேரமும். யாங்கோனில் மின்சாரம் சுழற்சியில் வருவதால் நடுவில் கரண்ட் போய்விட்டால் அரைவேக்காடு. பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும், ஆனால் வேகாத திரவம் மிஞ்சி ஈற்றை எரிக்கும், பலமும் குறையும். முறை வைத்து மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துக் குறுகிய சுற்றை வைப்பதோ, ஜெனரேட்டரில் ஓட்டுவதோ நல்லது. வெந்ததைப் பச்சைத்தண்ணீரில் போட்டுக் குளிரவைத்தால் கோணிக்கொள்ளும். மேஜைமேல் அரை மணி நேரமாவது ஆறட்டும்.

தொப்பியை வாயில் வைத்தே ஒட்டும்போது செட் சிக்கிக்கொண்டது என்று கேள்விப்பட்டோம்.

பட்டனுக்கடியில் உள்ள பள்ளத்தை வெள்ளை வளையத்தால் மூடாமல் பிசின் வைத்தால் அது அடியில் ஓடிக் கெட்டியாகிப் பூட்டிவிடும். பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். நாக்குப் பக்கம் 2 மி.மீ. துளை விட்டால் மிச்சப் பிசின் வழிந்துவிடும். இன்னொரு தவறு, அந்த நேரத்தில் பலமாகக் கடிக்கச் சொல்வது. அமுங்கிய ஈற்றில் தொப்பி ஒட்டிவிட்டால், ஈறு எழும்பியதும் செட் முழுப் பாரத்தையும் இம்பிளாண்டின் மீதே தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும். பற்கள் லேசாகத் தொட்டால் போதும்.

எந்த நிற நைலான் வளையம்?

லொக்கேட்டரில் நீலம் சுமார் 0.7 கிலோ பிடிப்பு, இளஞ்சிவப்பு 1.4, வெள்ளை 2.3. நீலத்தில் தொடங்குங்கள். கைநடுக்கம், மூட்டுவலி உள்ளவர்களுக்கு வெள்ளையைப் போட்டால் கழற்ற முடியாமல் ஒரு பக்கமாக நெம்புவார்கள், விரிசலுக்கு அதுவே ஆரம்பம்.

நிக்கல் கலந்திருக்குமா?

மலிவான வார்ப்பு உலோகத்தில் இருக்கலாம். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லி, நிக்கல் இல்லாத கோபால்ட் குரோம் கேளுங்கள்.

பாங்காக்கிலோ சென்னையிலோ இம்பிளாண்ட் போட்டுவிட்டு இங்கே செட் செய்யலாமா?

செய்யலாம், அட்டை கையில் இருந்தால். இம்பிளாண்டின் கம்பெனிப் பெயர், விட்டம், பட்டனின் உயரம், முடுக்கும் சாவியின் வகை எல்லாம் எழுதி வாங்குங்கள். கூடவே இரண்டு ஜோடி நைலான் வளையமும் வாங்கி வாருங்கள். சாவி பொருந்தாத பட்டனோடு வருகிறவருக்கு யாங்கோனிலும் மாண்டலேயிலும் உள்ள பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் கூட ஊகத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

சோதனைக்கு எப்போது வரவேண்டும்? வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முதல் வருடம் 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. வீட்டில் பார்க்க, செட்டை மாட்டிக்கொண்டு கடைசிக் கடைவாய்ப் பல்லை விரலால் கீழே அழுத்துங்கள். முன்பாகம் எழும்பினாலோ மறுபக்கம் தூக்கினாலோ பின்மேடு இறங்கிவிட்டது, உள்பூச்சு போடும் நேரம் வந்துவிட்டது. அந்த ஆட்டத்தோடு வளையத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேயும்.

எதில் ஊறவைப்பது?

பச்சைத்தண்ணீர். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் கோபால்ட் குரோமை அரித்துக் கறுக்கவைக்கும், வெந்நீர் அக்ரிலிக்கைக் கோணவைக்கும். இரவில் கழற்றி, தொப்பிக்குள் மென்மையான பிரஷ்ஷை நுழைத்துச் சுழற்றிக் கழுவிவிட்டு மூடியுள்ள டப்பாவில் தண்ணீரில் போடுங்கள். வாயிலிருக்கும் பட்டனையும் அதே பிரஷ்ஷால், ஈறோடு சேரும் விளிம்பில், சுற்றிவரத் தேய்க்க வேண்டும். நாக்குப் பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.